உட்காரச் சொன்னது நான்தான்

லேப் படிப்புல புதுசா சேர்ந்திருக்கிற பிள்ளைங்களுக்கு நாலு நல்ல வார்த்தை சொல்லுங்கன்னு கேட்டிருக்கீங்க. நல்ல வார்த்தை வேணும்னா கோயில் தலைவரைக் கூப்பிடுங்க, அவருக்கு வாய் வலிக்காது. நான் இருபத்தெட்டு வருசம் கையுறை செய்யிற குளோவ் ஃபேக்டரி லேப்ல குப்பை கொட்டினவன். என்கிட்ட இருக்கிறது ஒரே ஒரு கதை. அதுவும் கசப்பு. பாகற்காயையாவது புளி ஊத்திச் சமைச்சிரலாம், இதுக்கு அந்த வழியும் இல்ல. இஷ்டம் இருந்தா கேளுங்க.

முதல்ல ஒரு கேள்வி. அமோனியாவோட மூலக்கூறு எடை எவ்வளவு? பதினேழுன்னு கத்துவீங்க. குளோரின்? முப்பத்தஞ்சரைன்னு ரெண்டு பேர் சொல்வீங்க, அந்த ரெண்டு பேர் தலையிலயும் நான் குட்டணும். அது ஒத்தை அணு. கேஸா வரும்போது ஜோடியாத்தான் வரும், அப்ப எழுபத்தொண்ணு. நாம மூச்சு விடுற காத்து சராசரியா இருபத்தொம்பது. பதினேழு மேல போகும், எழுபத்தொண்ணு தரையில இறங்கும். இதுக்கு டிப்ளோமா வேணாம், ஃபார்ம் ஃபோர் படிக்கிற பிள்ளை சொல்லிரும். இந்த மூணு நம்பரை யாருக்குச் சொல்லணுமோ அவங்களுக்கு நான் சொல்லல. கதையே அவ்வளவுதான்.

எனக்கு வேலை கத்துக்கொடுத்த கெமிஸ்ட் ஒருத்தர் இருந்தார். பேர் வேணாம், ஆள் போய்ச் சேர்ந்துட்டார். கெட்டிக்காரர், அதுல சந்தேகமே இல்ல. நான் சேர்ந்த முதல் வாரம், ஆசிட்டுக்குள்ள தண்ணியை ஊத்தப் போனேன். பின்னாலயிருந்து வந்து என் மணிக்கட்டைப் புடிச்சார் பாருங்க, அந்தப் புடி இன்னும் ஞாபகம் இருக்கு. "தண்ணியில ஆசிட்டை ஊத்து, ஆசிட்டுல தண்ணியை ஊத்தாதே. மூஞ்சி வேணுமா வேணாமா?"ன்னார். என் மூஞ்சியைக் காப்பாத்தின மனுசன். அதனால அவர் வாயில வர்றதெல்லாம் எனக்கு வேதவாக்கா போச்சு.

அவர் சொன்ன இன்னொரு பாடம் இது. "ஆளுங்களுக்குக் காரணம் சொல்லாதே லா. காரணம் சொன்னா கேள்வி வரும், கேள்வி வந்தா லைன் நிக்கும். ரூலைச் சொல்லு, சைன் வாங்கு, அனுப்பு." இதை நான் கெட்டியா புடிச்சுக்கிட்டேன். ஒரு மனுசன் ஒரு விசயத்துல சரியா இருந்தா எல்லாத்துலயும் சரியா இருப்பான்னு நினைக்கிறது என்ன புத்தின்னு எனக்குத் தெரியல. ஆனா நமக்கு அந்தப் புத்தி நிறைய.

எங்க ஃபேக்டரி பீடோங் டவுன் தாண்டி உள்ள, செம்பனைத் தோட்டத்துக்கு நடுவுல. ஆரம்பத்துல ரப்பர் பாலும் அமோனியாவும்தான் அங்க. பாதுகாப்புப் பயிற்சிக்கு நான்தான் ஸ்லைடு எழுதினேன். அமோனியா கசிஞ்சா என்ன செய்யணும்னு நாலு வரி. துணியை நனைச்சு மூக்கை மூடு, கீழே குந்து, கூப்பிடுற வரைக்கும் அங்கயே இரு. பிறகு கையுறையைக் குளோரின்ல அலசுற லைன் வந்துச்சு. ஸ்லைடு புதுசா எழுதணும். நான் என்ன செஞ்சேன் தெரியுமா? மேல இருந்த தலைப்பை மட்டும் மாத்தினேன். 'அமோனியா'ன்னு இருந்த இடத்துல 'கேஸ்'னு போட்டேன். உள்ள இருந்த நாலு வரியைத் தொடவே இல்ல.

கோவிட் நேரம் அது. உலகமே கையுறை கையுறைன்னு பறந்துச்சு. ஆர்டர் குவிஞ்சு கிடக்கு, வாங்குற கம்பெனிக்காரங்க சோதனைக்கு வர்றாங்க, எல்லா ஆளுக்கும் பயிற்சி கொடுத்ததா காகிதம் வேணும். கேன்டீன்ல தள்ளித் தள்ளி உட்கார வச்சு, மூஞ்சில மாஸ்க்கோட, ஒரே மூச்சுல ஸ்லைடைப் படிச்சேன். மேனேஜர் கதவுகிட்ட நின்னு கடிகாரத்தைத் தட்டிக் காட்டிக்கிட்டே இருந்தார்.

படிச்சு முடிச்சதும் ஒரு கை மேல வந்துச்சு. செல்லம்மாக்கா. ஐம்பது வயசு தாண்டின பொம்பளை. சிடாம் கிரி பக்கத்து எஸ்டேட்ல இருபது வருசம் பால் ஸ்டோர்ல வேலை செஞ்சவங்க, ரப்பர் மரம் வெட்டிப் பால் எடுக்கிறவங்க கொண்டாந்து ஊத்துற பாலுக்கு அமோனியா கலந்து வைக்கிற இடம். ரப்பரை அழிச்சுச் செம்பனை வச்ச பிறகு எங்ககிட்ட வந்தாங்க. வாய் அதிகம் பேசாது, கை வேலை சுத்தம்.

"சார், ஒண்ணு கேக்கவா? கோவிச்சுக்கக் கூடாது. ஸ்டோர்ல அமோனியா கசிஞ்சா நாங்களும் இப்படித்தான், துணியை நனைச்சு மூஞ்சில வச்சுக்கிட்டுக் குந்திக்குவோம். அது தலைக்கு மேல போயிரும். இங்க குளோரின்னு என்னமோ சொல்றாங்களே, அதுவும் அப்படித்தான் போகுமா?"

இருபத்தெட்டு வருசத்துல என்கிட்ட கேட்டதுலயே நல்ல கேள்வி அதுதான். நீங்க பரீட்சையில எழுதுறதை அந்தம்மா கண்ணால பார்த்து வச்சிருந்தாங்க. அமோனியா லேசானது, மேல ஏறிரும், அதான் குந்தினா தப்பிச்சாங்க. அமோனியா தண்ணியில உடனே கரைஞ்சிரும், அதான் ஈரத்துணி காப்பாத்துச்சு. அதுக்கு மேல ஒரு படி போய், 'கேஸ் மாறினா இது மாறுமா'ன்னு கேக்குறாங்க. டிப்ளோமா படிச்ச எனக்குத் தோணாத கேள்வி.

காதுல விழாம இல்ல, நல்லா விழுந்துச்சு. பதிலும் தெரியும். நான் சொன்னது இது: "எல்லாம் கேஸ்தான்கா. ஒரே ரூல்தான். ஈரத்துணி, குந்து, கூப்பிடுற வரைக்கும் இரு. சைன் போடுங்க."

அந்தம்மா தமிழ்ல அழகா 'செல்லம்மா'ன்னு எழுதிட்டுப் போனாங்க. நான் காகிதத்தை மேனேஜர்கிட்ட கொடுத்துட்டு டீ குடிக்கப் போனேன்.

கொஞ்ச மாசம் கழிச்சு ஒரு மத்தியானம். ஃபேக்டரி பின்பக்கம் கழுவுற இடம் மூணு படி இறக்கத்துல இருக்கும், ஓரமா கழிவுத் தண்ணி போற லொங்காங் ஓடும். குளோரின் லைன்ல மிஞ்சின பிளீச்சிங் தண்ணியை ஒருத்தன் அந்த லொங்காங்ல திறந்து விட்டிருக்கான். அடுத்த பக்கத்துல கையுறை வார்க்கிற கை அச்சு கழுவின ஆசிட் தொட்டியை இன்னொருத்தன் அதே லொங்காங்ல கவுத்துட்டான். ரெண்டு பேரும் அவங்கவங்க வேலையைத்தான் செஞ்சாங்க. பிளீச்சிங் தண்ணியும் ஆசிட்டும் சேர்ந்தா குளோரின் கிளம்பும்னு உங்க புத்தகத்துல ஒரு வரியில இருக்கும். அங்க அது மஞ்சளும் பச்சையுமா லொங்காங்லயிருந்து எழும்பிச்சு.

கீழ ரெண்டு பேர் இருந்தாங்க. ஒண்ணு செல்லம்மாக்கா. இன்னொண்ணு தேவி, பத்தொம்பது வயசுப் பொண்ணு, ஃபார்ம் ஃபைவ் முடிச்சிட்டு வந்தவ. ரெண்டு பேரும் ஒரே தாமான் குடியிருப்பு, அடுத்தடுத்த வீடு. அக்காதான் தேவி அம்மாகிட்ட பேசி, நான் பார்த்துக்கிறேன்னு சொல்லி வேலைக்குக் கூட்டிட்டு வந்தது.

கத்துற சத்தம் கேட்டு ஓடினேன். மேல் பிளாட்ஃபாரத்துலயிருந்து பார்க்கிறேன். அவங்களுக்குப் பக்கத்துலயே பேக்கிங் மாடிக்கு ஏறுற இரும்புப் படி, அஞ்சாறு படி ஏறியிருந்தா தப்பிச்சிருப்பாங்க. ரெண்டு பேரும் செவுத்தோரமா குந்தி இருக்காங்க. அக்கா ஒரு கையால தேவியை அணைச்சுப் புடிச்சிருக்காங்க, அவ மூஞ்சில ஈரத்துணி. அந்தப் புகை தலைக்கு மேல போகல ஐயா. மூணு படி இறங்கி, இவங்க இருக்கிற இடத்துல குளம் மாதிரி நின்னுக்கிட்டு இருக்கு.

"மேல வாங்க! அக்கா, மேல வாங்க!"ன்னு தொண்டை கிழியக் கத்தினேன். ஃபேன் சத்தத்துல அவங்களுக்குக் கேக்கல. ஆனா என்னைப் பார்த்தாங்க. நான் கை காலை ஆட்டிப் பதறுறதைப் பார்த்துட்டு, அந்த அம்மா ஒரு கையை உயர்த்தி எனக்குச் சைகை காட்டினாங்க. பயப்படாதீங்க சார், குந்தித்தான் இருக்கோம்னு.

அந்தக் கையை நான் சாகுற வரைக்கும் மறக்க மாட்டேன். சாமி சத்தியம்.

மூச்சுக் கருவி மாட்டிக்கிட்டு ரெண்டு பேர் இறங்கித் தூக்கிட்டு வந்தாங்க. அதுக்குள்ள நிறைய நேரம் போயிருச்சு. அக்கா ஆஸ்பத்திரியில ரெண்டு வாரம் இருந்தாங்க. தேவி அதுக்கு மேலயும் இருந்தா, தொண்டையில குழாயோட. பிழைச்சா. ஆனா பழைய குரல் போச்சு, பத்தடி நடந்தா நிக்கணும், வாளித் தண்ணி தூக்க முடியாது.

மறுநாள் காலையில நான் ஃபேக்டரிக்குப் போய் செஞ்ச முதல் வேலை என்ன? ஆஸ்பத்திரிக்குப் போனேனா? லொங்காங்கைப் பார்த்தேனா? இல்ல. கம்ப்யூட்டரைத் திறந்து ஸ்லைடை மாத்தினேன். 'குளோரின்: உயரமான இடத்துக்குப் போ, காத்து வர்ற பக்கமா போ.' ரெண்டு நிமிச வேலை. மாசக்கணக்கா செய்யாத வேலை.

விசாரணை மேனேஜர் ரூம்லதான். "நீங்க என்ன சொல்லிக்கொடுத்தீங்க?"ன்னார். மனுசன் என் மூஞ்சியைப் பார்க்காம ஜன்னலைப் பார்த்துக்கிட்டே கேட்டார். எந்தப் பதில் வேணும்னு அதுலயே தெரிஞ்சு போச்சு. "வெளியேறச் சொன்னேன் பாஸ்"னேன். அப்புறம் காகிதம் வந்துச்சு. தொழிலாளி பயிற்சி பெற்றவர், கையெழுத்து இருக்கு, பயிற்சியில சொன்னபடி வெளியேறல, வெளியேறப் போன இன்னொரு தொழிலாளியையும் தடுத்து உட்கார வைத்தார். கீழ என் பேர். சைன் போட்டேன்.

காரணம் கேப்பீங்க. ரிட்டயர் ஆக ரெண்டு வருசம் இருந்துச்சு. பையன் படிச்சுக்கிட்டு இருந்தான். காரணம் எல்லாருக்கும் இருக்கும் தம்பி. எனக்கு மட்டும் புதுசா எதுவும் இல்ல.

ஒரு மாசம் கழிச்சு செல்லம்மாக்கா வேலையை விடுற காகிதத்தைக் கொடுக்க வந்தாங்க. கேட்ல இருக்கிற கார்டு போஸ்ட்டுகிட்ட என்னைப் புடிச்சாங்க. ஒவ்வொரு வாக்கியத்துக்கும் நடுவுல இருமல்.

"வேலை போனா போவுது சார், அது பரவால்ல. தேவி அம்மா என் மூஞ்சியைப் பார்க்க மாட்டேங்கிறா. பிள்ளையை நான்தான் இழுத்து உக்கார வச்சுக் கெடுத்துட்டேன்னு தாமான் பூரா பேச்சு. பைப்படியில கூட ஒருத்தி நிக்க மாட்டேங்கிறா. நீங்க வந்து ஒரே ஒரு வார்த்தை சொல்லுங்க சார். நீங்க சொல்லிக்கொடுத்ததைத்தான் நான் செஞ்சேன்னு. ஊருக்கெல்லாம் வேணாம், அவகிட்ட மட்டும் சொன்னா போதும்."

"பார்க்கலாம்கா"ன்னேன்.

பார்க்கலாமாம்! வாய்க்கு எவ்வளவு லேசா வருது பாருங்க. ரெண்டு வருசம் அந்தத் தாமான் பக்கமே போகாம, பீடோங் பாசாருக்குக் கூட வேற ரோட்டுல சுத்திப் போனேன். மீன் வாங்கப் போறவன் திருடன் மாதிரி போறேன். வீட்டுக்காரி கேட்டா டிராஃபிக்குன்னு சொல்வேன்.

ரிட்டயர் ஆன அன்னைக்குச் சால்வை போட்டாங்க, சுவர்க்கடிகாரம் கொடுத்தாங்க. மேனேஜர் மைக்கைப் புடிச்சு, "இவர் இருந்த வரைக்கும் பாதுகாப்புக்குக் குறையே இல்ல"ன்னார். எல்லாரும் கை தட்டினாங்க. ரெண்டு பேர் தட்டல. ஆசிட் தொட்டியைக் கவுத்த பையன் ஒருத்தன், கீழ இறங்கி அவங்களைத் தூக்கின ஆள் ஒருத்தர். அந்த ரெண்டு பேர் மூஞ்சியும் கண்ணுலயே நின்னுச்சு. அந்த ஞாயித்துக்கிழமைதான் தாமானுக்குப் போனேன். இழக்க எதுவும் இல்லாதப்பதான் தைரியம் வந்துச்சுன்னு நீங்க நினைப்பீங்க. சரியாத்தான் நினைக்கிறீங்க.

செல்லம்மாக்கா வீட்டுல வேற யாரோ துணி காயப் போட்டிருந்தாங்க. பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினேன். தேவி திறந்தா. என்னைப் பார்த்ததும் உள்ள வாங்க சார்னு நாற்காலியை இழுத்துப் போட்டா. கரகரன்னு ஒரு குரல், இருபத்தொண்ணு, இருபத்திரெண்டு வயசுப் பொண்ணு குரலா அது.

உட்காரல நான். நின்னுக்கிட்டே சொன்னேன். "தேவி, அக்கா மேல தப்பு இல்லம்மா. குந்தச் சொல்லிக்கொடுத்தது நான்தான்."

"தெரியும் சார்."

"யார் சொன்னா?"

"அக்காதான். அன்னைக்கே, அங்கயே." மூச்சு வாங்கிச்சு அவளுக்கு, கொஞ்சம் நிறுத்திட்டுச் சொன்னா. "நான் மாடிப்படியில கால் வச்சுட்டேன் சார். ஃபார்ம் ஃபைவ்ல கெமிஸ்ட்ரி எடுத்தேனே, குளோரின் காத்தை விட வெயிட்டுன்னு எனக்குத் தெரியும். வாங்கக்கா மேல போயிரலாம்னு இழுத்தேன். இல்லடி, சார் சொல்லியிருக்காரு, நானே கேட்டேன், இதுவும் குந்தணும்னுதான் சொன்னாருன்னாங்க."

"உனக்குத்தான் தெரியுமே. ஏம்மா குந்தினே?"

"நீங்க சொன்னீங்கன்னதும் நான் படிச்சதுதான் தப்பா இருக்கும்னு நினைச்சிட்டேன் சார்."

"இதை அம்மாகிட்ட சொல்லலையா?"ன்னு கேட்டேன்.

"எத்தனை தடவை சொன்னேன்! அவங்க நம்பல. படிச்ச மனுசன் அப்படிச் சொல்லிக் கொடுப்பாரா, அவளைக் காப்பாத்த நீ கதை விடுறியான்னு என்னையே ஏசுனாங்க."

தேவி அம்மா அடுப்படி வாசல்ல நின்னு எல்லாத்தையும் கேட்டுக்கிட்டுத்தான் இருந்தாங்க. அறைவாங்கன்னு நினைச்சேன். அறைஞ்சிருந்தா நல்லா இருந்திருக்கும். "காலையில காலையில கஞ்சி வச்சுக் கொண்டாந்து கதவைத் தட்டுவா சார்"னாங்க. "பிள்ளைக்குன்னு. ஒரு நாள் கூட நான் திறக்கல. இனிமே இங்க இருக்க முடியாதுன்னு கரங்கானுக்கு மகன் வீட்டுக்குப் போயிட்டா. இதை என்கிட்ட சொல்லி என்ன பண்றது? அவகிட்ட போய்ச் சொல்லுங்க. வாங்க, நானும் வரேன்." சேலையைக் கூட மாத்தல, செருப்பை மாட்டிக்கிட்டுக் கார்ல ஏறிட்டாங்க.

ஃபேக்டரிக்கு நான் ஒரு சூராட் எழுதி, அந்த விசாரணைக் காகிதம் பொய்னு சொன்னது இதுக்குப் பிறகுதான். பதில் வரல, வரவும் போறதில்ல. உங்கள்ல யாராச்சும் அங்க வேலைக்குப் போனா ஃபைலைத் திறந்து பாருங்க, என் சைன் கிடக்கும்.

கரங்கான் போய்ச் சேர்ந்தப்ப, செல்லம்மாக்கா மகன் வீட்டு வாசல்ல பிளாஸ்டிக் நாற்காலியில உட்கார்ந்து கீரை ஆய்ஞ்சுக்கிட்டு இருந்தாங்க. பாதி ஆளா போயிருந்தாங்க. தேவி அம்மா போய்க் காலடியில உட்கார்ந்து, "அடியே, என்னை மன்னிச்சிருடி"ன்னு ஓன்னு அழுதாங்க. அக்கா அவங்க தலையைத் தடவிக்கிட்டே, "சரி விடு, சரி விடு"ன்னாங்க. என் மேல ஒரு சத்தம் போடல. மருமகளைக் கூப்பிட்டு எனக்குத் தேத்தண்ணி கொண்டாரச் சொன்னாங்க.

தேத்தண்ணியைக் கையில வாங்கினதும் கேட்டாங்க.

"சார், அன்னைக்கு நான் கேட்டேனே. இன்னைக்காச்சும் சொல்லுங்க. அந்தக் குளோரின் மேல போகுமா, கீழ வருமா?"

கிளாஸைக் கீழ வச்சேன். கீரைத் தண்டு மூணு எடுத்துத் தரையில அடுக்கினேன். இது அமோனியா, பதினேழு. இது நம்ம காத்து, இருபத்தொம்பது. இது குளோரின், எழுபத்தொண்ணு. காத்தை விட லேசானது மேல போகும், பாரமானது கீழ இறங்கும். அதனால அமோனியா வந்தா குந்தணும், குளோரின் வந்தா ஏறணும். ஒரு நிமிசம் கூட ஆகல சொல்றதுக்கு.

அந்தம்மா மூணு தண்டையும் ஒண்ணொண்ணா விரலால தொட்டுப் பார்த்தாங்க. பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தாங்க.

"அவ்வளவுதானா சார்?"ன்னு கேட்டாங்க.